பீகிள்போன்ல ஆர்டிசி (கடியார) சிப்பு பதில் சொல்லுது, லினக்ஸ் கர்னல் மட்டும் கண்டுக்க மாட்டேங்கு. டிவைஸ் ட்ரீ தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

சேர்மாதேவி_மடை:

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா இதுலயே கிடக்கேன், யாராவது பாத்து சொல்லுங்க. எங்களுக்கு கன்னடியன் கால்வாய் பாசனம். வயக்காட்டு மடைகிட்ட ஒரு பீகிள்போன் பிளாக் போர்டு (லினக்ஸ் ஓடுத சின்ன கம்ப்யூட்டர்) வெச்சு நீர்மட்டம் பதிவு பண்ணுதேன், அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ மட்டத்தையும் நேரத்தையும் ஃபைல்ல எழுதிட்டே இருக்கும். பிசான சாகுபடில முறைத்தண்ணி எப்ப வந்துது எப்ப நின்னுதுன்னு பெரியவங்களுக்குள்ள வருசா வருசம் பேச்சு வந்துருது, அதுக்கு ஒரு கணக்கு கையில இருக்கட்டும்னுதான் ஆரம்பிச்சேன். அதனால மட்டம் ஒரு இஞ்ச் முன்னப்பின்ன இருந்தாக்கூட பரவால்ல, நேரம் தப்பா இருந்தா மொத்த வேலையும் வீண்.

பிரச்சினை என்னன்னா அங்கன டவர் எடுக்காது, நெட்டுல இருந்து நேரம் வாங்க வழியில்ல. கரண்ட் போயி மூணு மணி நேரம் கழிச்சு வந்தா போர்டு கடைசியா எழுதி வெச்ச நேரத்துல இருந்து திரும்ப எண்ண ஆரம்பிக்கி, நடுவுல போன மூணு மணி நேரம் காணாமலே போயிருது. சரின்னு பேட்டரி வெச்ச டிஎஸ்3231 கடியார மாட்யூல் ஒண்ணு வாங்கி பி9 வரிசையில 19, 20ங்கிற பின்ல, அதாவது ஐ2சி பஸ்ல (ரெண்டு வயர்ல பல சிப்பு பேசுத லைன்) மாட்டுனேன்.

எந்த முகவரில சிப்பு பதில் சொல்லுதுன்னு ஐ2சி டிடெக்ட் ஓட்டி பஸ் 2 பாத்தா 68ங்கிற இடத்துல 68னே காட்டுது, 57ல யூயூன்னு காட்டுது (நான் 57ல எதுவும் மாட்டல, இது என்னன்னும் தெரியல). நெட்டுல பாத்த மாதிரி நியூ டிவைஸ் ஃபைலுக்கு எக்கோ பண்ணி டிஎஸ்3231, 68னு குடுத்தேன், உடனே ஆர்டிசி வந்துட்டு, நேரமும் சரியா வாசிக்கி. ஆனா ரீபூட் பண்ணா போயிருது. அந்த எக்கோவ ஆர்சி லோக்கல்ல (பூட் ஆகும்போது ஓடுத ஸ்கிரிப்ட்) போட்டா எங்க பதிவு ப்ரோகிராம் அதுக்கு முந்தியே ஓட ஆரம்பிச்சு முதல் நாலஞ்சு வரி பழைய நேரத்துல விழுது.

இதெல்லாம் டிவைஸ் ட்ரீல (போர்டுல என்ன எங்க இருக்குன்னு கர்னலுக்குச் சொல்லுத ஃபைல்) எழுதணும்னு சொன்னாங்க. எழுதுனேன். ஐ2சி2க்கு உள்ள ஆர்டிசி அட் 68னு ஒரு நோடு, கம்பாட்டிபிள்ல (சிப்பு பேரு) மேக்ஸிம் கமா டிஎஸ்3231, ரெக்ல (முகவரி) 68. கம்பைல் பண்ணும்போது ஏதோ வார்னிங் வந்துது, எரர் இல்லல்லன்னு விட்டுட்டேன். பூட் பண்ணா டிமெசேஜ்ல (கர்னல் எழுதுத பதிவு) "2-0044 ப்ரோப் ஃபெயில், எரர் மைனஸ் 121"னு வருது. 44னு நான் எங்கயுமே எழுதல, அது எங்க இருந்து வந்துது?

இன்னொண்ணு, இது மனசுல உறுத்திட்டே இருக்கு. பென்டிரைவ் சொருகுனா கர்னல் தானா கண்டுபிடிக்குல்ல, 68ல ஒரு சிப்பு பதில் சொல்லுதுன்னு அதுக்கே தெரியும்போது நாம எதுக்கு தனியா எழுதிக் குடுக்கணும்?

---

பேட்டை_போர்டு:

தம்பி, உங்க 44 உங்க 68தான். டிடிஎஸ் ஃபைல்ல (டிவைஸ் ட்ரீய நாம எழுதுத ஃபைல்) ரெக்குக்குள்ள வெறும் 68னு போட்டா அது சாதா எண்ணு, அறுபத்தெட்டு. அறுபத்தெட்ட ஹெக்ஸ்ல (16 அடிமானத்துல) எழுதுனா 44. கர்னல் நீங்க சொன்ன வீட்டுக்குத்தான் போய் கதவத் தட்டிருக்கு, அங்க ஆள் இல்ல, மைனஸ் 121ங்கிறது அதுதான், பஸ்ல யாரும் பதில் குடுக்கலங்கிற எரர். ரெக்ல 0எக்ஸ்68னு போடுங்க.

இதுல எல்லாரையும் கவுக்கிற இடம் என்னன்னா, நோடு பேர்ல அட் குறிக்குப் பெறவு வர்ற 68 எப்பவுமே ஹெக்ஸ்தான், அங்கன 0எக்ஸ் போடக் கூடாது. ரெக்ல போட்டே ஆகணும். ஒரே எண்ண ரெண்டு இடத்துல ரெண்டு விதமா எழுதச் சொல்லுது. நீங்க விட்டீங்கள்ல அந்த வார்னிங், அதத் திரும்ப ஓட்டி வாசிச்சுப் பாருங்க, ஐ2சி முகவரி பொருந்தல, இங்க 44 இருக்கணும்னு டிடிசி கம்பைலர் நேரடியாவே சொல்லிருக்கும். டிவைஸ் ட்ரீல வார்னிங்க எரரா நினைச்சுக்கிடணும், ஏன்னா கம்பைலருக்கு உங்க போர்டுல என்ன இருக்குன்னு தெரியாது, அதால சந்தேகம் மட்டும்தான் பட முடியும்.

இன்னொரு வழி சொல்லுதேன் வெச்சுக்கோங்க. போர்டு ஓடிட்டு இருக்கும்போது ப்ராக் டைரக்டரிக்குள்ள டிவைஸ்-ட்ரீன்னு ஒண்ணு இருக்கும், கர்னல் கையில இப்ப என்ன ட்ரீ இருக்கோ அது அப்படியே ஃபோல்டர் ஃபோல்டரா தெரியும். உங்க நோடுக்குள்ள போய் ரெக் ஃபைல ஹெக்ஸ் டம்ப் போட்டுப் பாருங்க. பெரிய பைட் முதல்ல வரும், 00 00 00 44னு இருந்துருக்கும். நாம எழுதுனதப் பாக்கிறத விட கர்னல் வாங்குனதப் பாக்கணும், பாதி நேரம் பழைய டிடிபி ஃபைல்தான் (டிடிஎஸ்ஸ கம்பைல் பண்ணா வர்றது) லோடு ஆகிட்டு இருக்கும், நாம புதுச திருத்திட்டே உக்காந்திருப்போம்.

அவசரமா ஒண்ணு கேக்கேன், மாட்யூலுக்கு எத்தன வோல்ட் குடுத்திருக்கீங்க? 5 வோல்ட்னா இப்பவே கழத்துங்க. அந்த மாட்யூல்ல புல்-அப் ரெசிஸ்டர் (லைன மேல இழுத்து வெக்கிறது) விசிசி பவர் பின்னு கூட சேந்திருக்கும், 5 குடுத்தா ஐ2சி லைன் ரெண்டும் 5க்கு ஏறும், பீகிள்போன் பின்னு 3.3க்கு மேல தாங்காது. பி9ல 3 இல்லன்னா 4ல இருந்து 3.3 எடுங்க, டிஎஸ்3231க்கு 2.3ல இருந்தே போதும்.

---

சேர்மாதேவி_மடை:

அண்ணாச்சி ரொம்ப நன்றி, 5 வோல்ட்லதான் இருந்துது, உடனே மாத்திட்டேன். 0எக்ஸ் போட்டு இன்னைக்கு ராத்திரி பாக்கேன். வார்னிங் நீங்க சொன்னபடி 44தான் கேட்டிருக்கு.

---

பாளை_ஃபர்ம்வேர்:

ரெண்டாவது கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமா எழுதுதேன். பதினோரு வருசமா இந்த வேலைதான் பாக்கேன், புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாம் எழுத மட்டும் கத்துக்கிட்டு ஏன்னு கேக்காமலே போயிருதாங்க, தம்பி கேட்டதே எனக்கு சந்தோசம்.

பென்டிரைவ் சொருகுனா அது தன்னப் பத்தி தானே சொல்லும், யார் செஞ்சாங்க, என்ன பொருள், எத்தன கரண்ட் வேணும், எல்லாம் அதுக்குள்ள எழுதி இருக்கு, கர்னல் கேட்டா குடுக்கும். பிசிஐ கார்டும் அப்படித்தான், கம்பெனிக்கு 16 பிட் எண்ணு, பொருளுக்கு 16 பிட் எண்ணு. ஐ2சில அந்த பழக்கமே கிடையாது. 68னு கூப்பிட்டா "ஆமா"ன்னு ஒரு பிட் இழுத்து விடும், அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச பேச்சு. அந்த "ஆமா"வ டிஎஸ்3231ம் சொல்லும், டிஎஸ்1307ம் சொல்லும், ட்ரோன்ல எல்லாம் போடுத எம்பியு6050 அசைவு சென்சாரும் அதே 68தான். கர்னல் குத்துமதிப்பா இது கடியாரம்னு நினைச்சு அதுல நேரத்த எழுதிட்டுன்னா, அங்க இருக்கது வேற சிப்பா இருந்தா அதோட செட்டிங் எல்லாம் கலைஞ்சு போவும். அதனால யாரும் சொல்லாம அது தொடாது. நீங்க எக்கோ போட்டது வாயால சொன்ன மாதிரி, டிவைஸ் ட்ரீ எழுத்துல குடுத்த மாதிரி.

ஐ2சி மட்டும்னு இல்ல. பீகிள்போன்ல இருக்க ஏஎம்3358 சிப்புக்குள்ள ஐ2சி கன்ட்ரோலரே எங்க இருக்குன்னு கர்னலுக்கு யாராவது சொல்லணும். ஐ2சி2 மெமரில ஹெக்ஸ் 4819சி000ங்கிற இடத்துல 4 கேபி அளவுக்கு இருக்கு. அந்த இடத்துல இருக்கான்னு தேடிப் பாக்க முடியாது, இல்லாத முகவரிய தொட்டா பஸ் எரர் அடிச்சு நின்னே போயிரும்.

நம்ம ஊர் கணக்குல சொல்லுதேன். புதுசா மாறுதலாகி வந்த விஏஓ ஊர் பூரா நடந்து எந்த வயல் யாருதுன்னு கண்டுபிடிக்க மாட்டார்ல, அடங்கல் எடுத்து வெச்சுத்தான் வேலைய ஆரம்பிப்பார். புல எண் இது, பரப்பு இவ்வளவு, தண்ணி எந்த கால்வாய்ல இருந்து, என்ன பயிர். டிவைஸ் ட்ரீ அதேதான். ரெக்குங்கிறது புல எண்ணும் பரப்பும். ஐ2சிக்கு உள்ள வர்ற நோடுல பரப்பு இருக்காது, தெருவுல வீட்டு நம்பர் மாதிரி வெறும் எண்ணு, அதனாலதான் அந்த பஸ் நோடுல அட்ரஸ் செல்ஸ் 1, சைஸ் செல்ஸ் 0ன்னு போட்டிருக்கும். கிளாக் எங்க இருந்து, இன்டரப்ட் எந்த லைன்லங்கிறது எல்லாம் தண்ணி எந்த மடையில இருந்துங்கிற மாதிரி, வேற ஒரு நோட கை காட்டும். ஸ்டேட்டஸ்ல டிசேபிள்டுன்னு இருந்தா தரிசு. சிப்பு செஞ்சவங்க எழுதுன டிடிஎஸ்ஐ ஃபைல்ல முக்கால்வாசிய தரிசுன்னுதான் எழுதி வெச்சிருப்பாங்க, போர்டு ஃபைல்ல எது வெளிய வயர் இழுத்து இருக்கோ அத மட்டும் ஓகேன்னு மாத்துவாங்க. கம்பாட்டிபிள்தான் பயிர் பேரு, அதப் பாத்துத்தான் எந்த டிரைவர கூப்பிடணும்னு கர்னல் முடிவு பண்ணும்.

இங்க ஒரு விசயத்த அழுத்திச் சொல்லணும். கம்பாட்டிபிள்ல சிப்பு பேர எழுதணும், டிரைவர் பேர இல்ல. டிஎஸ்3231க்கு லினக்ஸ்ல ஓடுத டிரைவர் பேரு ஆர்டிசி-டிஎஸ்1307. அதனால நெட்டுல பலபேரு டிஎஸ்1307ன்னு எழுதச் சொல்லுதாங்க, நேரம் கூட ஓடும், ஆனா ரெண்டும் வேற சிப்பு, டிஎஸ்3231ல அலாரம் உண்டு, டெம்பரேச்சர் வாசிக்கலாம், 1307ல ரெண்டும் கிடையாது. அடங்கல்ல நெல்லுக்குப் பதிலா வாழைன்னு எழுதி வெச்ச மாதிரி ஆகிரும். அதே மாதிரி உங்க மாட்யூல்ல எஸ்க்யூடபிள்யூன்னு ஒரு பின்னு இருக்கும், அதுல வயர் இழுக்கலன்னா இன்டரப்ட்னு ஒரு வரி எழுதாதீங்க, யாரோட ஃபைல்லயோ இருந்துச்சுன்னு ஒட்டாதீங்க. போர்டுல உண்மையா என்ன இருக்கோ அது மட்டும்தான் அதுல இருக்கணும். எந்த நேரம் வாசிக்கணும், எந்த ப்ரோகிராம் முதல்ல ஓடணும்ங்கிறது எல்லாம் அதுல வராது.

இந்த ஏற்பாடு லினக்ஸ்காரங்க கண்டுபிடிச்சது இல்ல. ஓப்பன் ஃபர்ம்வேர்னு 1994ல ஐஇஇஇ 1275 தரமா வந்துது, அதுல இருந்து எடுத்து 2005 வாக்குல பவர்பிசி லினக்ஸ்ல போட்டாங்க. ஆர்ம்ல (பீகிள்போன் சிப்போட வகை) அப்ப ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி ஃபைல், கர்னலுக்கு உள்ளயே. போர்டு கூட கூட ஒரே விசயத்த ஆளாளுக்கு எழுதி குவிச்சதுல 2011 மார்ச்ல லைனஸ் டோர்வால்ட்ஸ் ரொம்ப கோவப்பட்டாரு, அதுக்குப் பெறவுதான் ஆர்ம் பக்கம் வேகமா இதுக்கு மாறுனாங்க. 64 பிட் ஆர்ம் வந்தப்ப போர்டு ஃபைல்ங்கிற பேச்சே இல்ல. இன்னைக்கு ஒரே கர்னல் ஃபைல வெச்சுக்கிட்டு டிடிபிய மட்டும் மாத்தி நூறு போர்டுல பூட் பண்ணுதோம்னா அதுக்கு காரணம் இதுதான்.

உங்க 57க்கு வருதேன். அந்த மாட்யூல்ல கடியாரம் மட்டும் இல்ல, பக்கத்துல சின்னதா ஏடி24சி32ன்னு ஒரு ஈப்ராம் (மெமரி சிப்பு) இருக்கும், அதோட முகவரி 57. பீகிள்போன் காமன் ஃபைல்ல மேல சொருகுத கேப் போர்டுகளுக்காக ஐ2சி2ல 54ல இருந்து 57 வரைக்கும் நாலு ஈப்ராம் இருக்கலாம்னு ஏற்கனவே எழுதி இருக்காங்க. புது கர்னல்ல டிரைவர் ஒரு பைட் வாசிச்சுப் பாத்து பதில் வந்தாத்தான் உக்காரும், உங்க மாட்யூல் பதில் குடுத்ததுனால கேப்னு நினைச்சு உக்காந்துட்டு. யூயூன்னா அந்த முகவரிய ஒரு டிரைவர் புடிச்சிருக்குன்னு அர்த்தம். ஆனா அங்க 24சி256ன்னு எழுதி இருக்கும், 32 கேபி, உங்ககிட்ட இருக்கது 4 கேபிதான். அந்த ஈப்ராம்ல எதுவும் எழுதப் போறீங்கன்னா உங்க ஃபைல்ல கம்பாட்டிபிள 24சி32ன்னு மாத்திட்டு எழுதுங்க.

---

சேர்மாதேவி_மடை:

அக்கா, அடங்கல்னு சொன்னதும் பிடிபட்டுட்டு, எங்க அப்பா வருசம் தவறாம அந்த நகல் வாங்கப் போவாவ, நான்தான் கூட போயி நிப்பேன். இத்தன நாள் இதப் படிச்சும் புரியாதது இப்பத்தான் புரியுது.

0எக்ஸ் போட்டு பூட் பண்ணேன். 68ல இப்ப யூயூ. ஆர்டிசி-டிஎஸ்1307 ரெஜிஸ்டர் ஆச்சுன்னு டிமெசேஜ்ல வருது. ஆனா அது ஆர்டிசி1னு வருது, ஆர்டிசி0ன்னு வேற ஒண்ணு ஏற்கனவே இருக்கு. பூட் ஆகும்போது கர்னல் ஆர்டிசி0ல இருந்துதான் நேரத்த எடுக்குதாம், அதுல 2000ம் வருசம் ஜனவரி 1ன்னு இருக்கு. அதனால கடைசில பழைய கததான், மாட்யூல்ல சரியான நேரம் இருக்கு, போர்டு அதக் கேக்கல.

---

களக்காட்டான்:

அந்த ஆர்டிசி0 ஏஎம்3358 உள்ள இருக்க கடியாரம். போர்டுல அதுக்கு பேட்டரி கிடையாது, கரண்ட் போனா எல்லாம் மறந்துரும். ஆர்டிசிங்கிற லேபிள எடுத்து ஸ்டேட்டஸ் டிசேபிள்டுன்னு போட்டுட்டீங்கன்னா உங்க மாட்யூல் தானா 0 ஆகிரும். நான் என் போர்டுல அப்படித்தான் வெச்சிருக்கேன், ஆறு மாசமா ஓடுது.

---

பாளை_ஃபர்ம்வேர்:

களக்காட்டுத் தம்பி, உங்க போர்ட ஷட்டவுன் குடுத்து என்னைக்காவது பாத்திருக்கீங்களா? பீகிள்போன்ல பவர் சிப்ப அணைக்கச் சொல்லுத வயர் அந்த உள் ஆர்டிசில இருந்துதான் போவுது. காமன் ஃபைல்ல ஆர்டிசி நோடுக்கு கீழ சிஸ்டம் பவர் கன்ட்ரோலர்னு ஒரு வரி இருக்கும், அது எதுக்குன்னா இதுக்குத்தான். அத தரிசுன்னு போட்டா நேரம் சரியாகும், ஆனா ஷட்டவுன் குடுத்தா போர்டு முழுசா அணையாம நிக்கும். எப்பவும் ஓடிட்டே இருந்தா தெரியாது. சேர்மாதேவித் தம்பி போர்டு வயக்காட்டுல பேட்டரி, கரண்டுன்னு மாறி மாறி ஓடுது, அதுக்கு ஒழுங்கா அணையுதது முக்கியம். போர்டுல அந்த கடியாரம் இருக்கு, அது வேலையும் பாக்குது, அப்ப இல்லன்னு எழுதக் கூடாது.

சரியான வழி ஏலியாஸ். ட்ரீயோட உச்சில ஏலியாசஸ்னு ஒரு நோடு இருக்கும், யாருக்கு என்ன எண்ணுன்னு அதுல எழுதி வெப்பாங்க, ஐ2சி பஸ்ஸுக்கு 0, 1, 2ன்னு எண்ணு வர்றதும் அதுல இருந்துதான். அங்க ஆர்டிசி0 உங்க டிஎஸ்3231 நோடு, ஆர்டிசி1 உள்ள இருக்கதுன்னு ரெண்டு வரி போடுங்க. கர்னல் அந்த எண்ணத்தான் குடுக்கும், எது முதல்ல வந்தாலும் சரி.

ஓவர்லேயா (இருக்க ட்ரீ மேல ஒட்டுத துண்டு) எழுதுதீங்களா முழு டிடிஎஸ்ஸா எழுதுதீங்களா? ஏலியாஸ்ல உக்காருதது நோடோட முழுப் பாதை, வெறும் எழுத்து. ஓவர்லேன்னா லேபிள நம்பாம முழுப் பாதையையும் கையால எழுதிருங்க. ப்ராக்ல டிவைஸ்-ட்ரீக்கு உள்ள சிம்பல்ஸ்னு ஒரு நோடு இருக்கும், அதுல ஐ2சி2ன்னு ஃபைல திறந்தா பாதை அப்படியே கிடைக்கும். எனக்குக் கேட்டா இதுக்கு ஓவர்லேயே வேண்டாம்னு சொல்லுவேன். மாட்யூல் நிரந்தரமா சால்டர் பண்ணப் போறதுதான, சின்னதா ஒரு டிடிஎஸ் ஃபைல் தொடங்கி முதல் வரில போன்பிளாக் டிடிஎஸ்ஸ இன்க்லூட் பண்ணிட்டு கீழ உங்க ரெண்டு துண்டையும் எழுதுங்க, அப்ப லேபிளே போதும், டிடிசி பாதையா மாத்திக்கிடும். கர்னல் 6.5ல இருந்து ஆர்ம் டிடிஎஸ் எல்லாம் கம்பெனி வாரியா ஃபோல்டர் பிரிச்சாச்சு, டிஐ அதுக்குள்ள ஓமாப்னு போனா இருக்கும், பழைய இடத்துல தேடிட்டு இருக்காதீங்க.

---

களக்காட்டான்:

அக்கா சொன்னது சரிதான். இப்ப ஷட்டவுன் குடுத்துப் பாத்தேன், பவர் லைட் அணையவே இல்ல. நானும் ஏலியாசுக்கு மாத்திடுதேன். சேர்மாதேவி அண்ணே, நான் முன்ன சொன்னத பண்ணாதீங்க.

---

அம்பை_மாணவி:

குறுக்க வர்றேன், மன்னிச்சுக்கோங்க. எங்க காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ராஸ்பெர்ரி பை 4ல இதே டிஎஸ்3231 மாட்டணும். அதுலயும் இவ்வளவு எழுதணுமா?

---

பேட்டை_போர்டு:

பாப்பா, அதுல ஓவர்லே ஏற்கனவே எழுதி கூடவே வருது. 3, 5ங்கிற பின்ல மாட்டிட்டு கான்ஃபிக் டெக்ஸ்ட்ல டிடிஓவர்லே சமம் ஐ2சி-ஆர்டிசி, கமா போட்டு டிஎஸ்3231. பை 4ல வேற கடியாரம் இல்ல, எண்ணுச் சண்டை வராது. பை 5னா போர்டுலயே ஒரு ஆர்டிசி இருக்கு, அதுக்கு பேட்டரி மட்டும் வாங்குனா போதும். ஆனா வேலை முடிஞ்ச பெறவு ஒரு நாள் உக்காந்து அந்த ஓவர்லே ஃபைலத் திறந்து வாசி, மேல அக்கா எழுதுனது எல்லாம் அதுல வரி வரியா இருக்கும்.

சேர்மாதேவித் தம்பி, மாட்யூல்ல நேரம் எழுதும்போது யுடிசில (உலகப் பொது நேரம்) எழுதுங்க. கர்னல் ஆர்டிசிய யுடிசின்னுதான் எடுக்கும், நம்ம நேரத்த அப்படியே எழுதி வெச்சா அஞ்சரை மணி நேரம் முன்னால ஓடும்.

---

சேர்மாதேவி_மடை:

ரெண்டு நாள் பாத்துட்டு எழுதணும்னு இருந்தேன். தனி டிடிஎஸ் ஃபைல், ஏலியாஸ் ரெண்டு வரி, ரெக்ல 0எக்ஸ்68, 57க்கு 24சி32. இந்த தடவ ஒரு வார்னிங் கூட இல்லாம கம்பைல் ஆச்சு. ஆர்டிசி0 இப்ப டிஎஸ்3231, ஷட்டவுன் குடுத்தா லைட்டும் அணையுது. ஆர்சி லோக்கல்ல போட்ட எக்கோ வரிய எடுத்துட்டேன்.

நேத்து சாயங்காலம் 6.40க்கு கரண்ட் போச்சு, போர்டுக்கு குடுத்த பேட்டரியும் கழத்தி வெச்சேன், ராத்திரி 9.15க்கு மாட்டுனேன். ஃபைல்ல 6.40க்கு ஒரு வரி, அடுத்த வரி 9.16. நடுவுல ஓடாத நேரம் ஓடாத நேரமாவே தெரியுது. அப்பாகிட்ட காட்டுனேன், அவிய அந்த ரெண்டு வரியையும் வாசிச்சுட்டு, மேல மடையிலயும் ஒண்ணு வெக்க முடியுமான்னு கேட்டாவ. அடுத்த போர்டு வாங்குனதும் இதே டிடிபிய எடுத்துப் போட்டா போதும்ல அக்கா?

---

பாளை_ஃபர்ம்வேர்:

அதே போர்டு, அதே மாட்யூல், அதே பின்னுனா அப்படியே போடலாம். ஒரு வயர் மாத்துனாலும் ஃபைல முதல்ல திருத்திட்டு பெறவு கரண்ட் குடுங்க.